அரசுப் பள்ளித் தெரிவுரிமை

அமெரிக்கக் கல்விச் செய்திகளில் ‘பப்ளிக் ஸ்கூல் சாய்ஸ்’ என்ற தொடர் அடிக்கடி வரும்; பிள்ளையை வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை அது. அதற்கு நான் சொல்லும் தமிழ் ‘அரசுப் பள்ளித் தெரிவுரிமை’. ‘பொதுப் பள்ளித் தேர்வு’ என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘பப்ளிக் ஸ்கூல்’ என்பதிலும் குழப்பம் உண்டு. இங்கிலாந்தில் அது ஈட்டன் போன்ற கட்டணப் பள்ளி. இந்தியாவிலும் பெயர்ப்பலகையில் அப்படி இருந்தால் பெரும்பாலும் தனியார் பள்ளிதான். அமெரிக்காவிலோ அது வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி. ஆகவே ‘அரசுப் பள்ளி’ என்பதே சரி.

இந்தத் தொடர் நாடு முழுவதும் சட்டச்சொல்லாகப் பரவியது, ஜார்ஜ் புஷ் 2002 ஜனவரி 8 அன்று கையெழுத்திட்ட ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டத்தால். ஏழைப் பிள்ளைகளுக்கான ‘டைட்டில் ஒன்’ நிதி பெறும் பள்ளி, தொடர்ந்து 2 ஆண்டுகள் மாநிலத் தேர்வுகளுக்கு வைத்த இலக்கை எட்டவில்லை என்றால், அங்கே படிக்கும் பிள்ளைகள் அதே கல்வி மாவட்டத்தில் நன்றாக நடக்கும் வேறு அரசுப் பள்ளிக்கு மாறலாம் என்றது அந்தச் சட்டம். போக்குவரத்துக்கும் மாவட்டமே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பணம் போதாவிட்டால், படிப்பில் மிகவும் பின்தங்கிய ஏழைப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை இருந்தது.

‘சாய்ஸ்’ பழைய பிரெஞ்சின் ‘ஷுவாசிர்’ என்ற வினையிலிருந்து வந்தது. அந்த வினைக்கு அன்று ‘கண்டறிதல்’ என்ற பொருளும் இருந்தது. நம்முடைய ‘தெரி’யும் அப்படித்தான்: அறிவதும் அதுவே, பொறுக்கி எடுப்பதும் அதுவே. குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் ஆளை ஆராய்ந்து தேர்வதைச் சொல்கிறது. இலங்கைத் தமிழில் ‘தெரிவு’ இன்றும் அன்றாடச் சொல். அதோடு ‘உரிமை’யைச் சேர்த்தால், சட்டம் கொடுத்தது என்பதும் விளங்கும்.

இந்தச் சொல்லை நான் விடாப்பிடியாகப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. அந்த உரிமை இருந்தவர்களில் உண்மையில் பள்ளி மாறியவர்கள் ஏறக்குறைய 100-க்கு ஒருவர்தான். மாநிலத் தேர்வு முடிவு தாமதமானதால், பல பெற்றோருக்குப் பள்ளி திறந்த பிறகே கடிதம் போனது. பிள்ளை புது வகுப்பில் உட்கார்ந்து, பஸ் நேரமும் பழகிவிட்ட பிறகு யார் மாற்றுவார்கள்? பெருநகரங்களில் நல்ல பள்ளிகளில் இடம் இல்லை. சிற்றூர்களில் மாறுவதற்கு இன்னொரு பள்ளியே இல்லை. தெரியாமல் எப்படித் தெரிவது?

2015-இல் வந்த புதிய சட்டம் இதைக் கட்டாயம் அல்ல என்று ஆக்கிவிட்டது; விரும்பும் மாவட்டங்கள் தரலாம். அப்புறம், எழுதும்போது ‘அரசுப் பள்ளி’ என்ற முன்பகுதியை விட்டுவிடக் கூடாது. வெறும் ‘பள்ளித் தெரிவு’ என்றால், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டமும் அதில் அடங்கிவிடும்.