பாசியும் பாக்டீரியாவும் தரும் ஹைட்ரஜன்

ஹைட்ரஜனை எரித்தால் மிஞ்சுவது தண்ணீர்தான். ஒரு கிலோவில் 120 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் இன்று உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. கூடவே ஏராளமான கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. நுண்ணுயிர்களோ அதே ஹைட்ரஜனைச் சாதாரண வெப்பநிலையிலேயே தயாரித்துவிடுகின்றன.

பச்சைப் பாசி வெயிலில் தண்ணீரைப் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியே போகிறது. எலெக்ட்ரான்கள் சர்க்கரை தயாரிக்கப் போகின்றன. சுற்றிலும் ஆக்சிஜன் இல்லாவிட்டால் மட்டும் ஹைட்ரஜனேஸ் என்ற நொதி அந்த எலெக்ட்ரான்களை வாங்கி, புரோட்டான்களோடு சேர்த்து ஹைட்ரஜன் வாயுவாக விடுகிறது. பாசியின் இந்தத் திறனை ஹான்ஸ் காஃப்ரான் 1940களின் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட்டார். சிக்கல் எங்கே என்றால், இந்த நொதியின் நடுவிலுள்ள இரும்புத் தொகுதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். அந்த ஆக்சிஜனை விடுவதும் அதே செல்தான்! அதனால் வெளிச்சம் பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ரஜன் நின்றுபோகும்.

2000இல் அனஸ்டாசியோஸ் மெலிஸும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஓர் அழகான வழி காட்டினார்கள். கிளாமிடோமோனாஸ் என்ற பாசிக்குக் கந்தகத்தை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். தண்ணீரைப் பிளக்கும் அமைப்பிலுள்ள ஒரு புரதம் வெளிச்சத்தில் ஓயாமல் பழுதாகும். அதைப் புதுப்பிக்கக் கந்தகம் வேண்டும். அது கிடைக்காதபோது ஆக்சிஜன் உற்பத்தி படிப்படியாகக் குறைகிறது. சுவாசமோ தொடர்கிறது. மூடிய குடுவையில் இருந்த ஆக்சிஜனைச் செல்களே சுவாசித்துத் தீர்த்ததும் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்புகின்றன. சில நாட்கள் இப்படி வரும். அப்புறம் கந்தகம் கொடுத்துப் பாசியைத் தேற்ற வேண்டும்.

வெளிச்சமே தேவைப்படாத வழியும் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் இருட்டில் சர்க்கரையை நொதிக்கவைத்து ஹைட்ரஜன் விடுகின்றன. இங்கே எதிரி, அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள். அதனால் இரண்டும் கலந்து வாழும் கழிவுச் சேற்றை முதலில் நன்றாகச் சூடாக்குகிறார்கள்: கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகள் (தடித்த உறைக்குள் உறங்கும் செல்கள்) சூட்டைத் தாங்கும், மீத்தேன்காரர்களுக்கு வித்து கிடையாது.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் தண்ணீரும் சேர்ந்து, கணக்குப்படி 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தரலாம். இருட்டு நொதித்தலில் அதிகபட்சம் 4தான். மீதி அசிட்டிக் அமிலத்தில் தங்கிவிடும். அதையும் வெளிச்சத்தில் உடைக்க ஊதா பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆனால் அவை பயன்படுத்தும் நைட்ரஜனேஸ் நொதி ஆற்றலை அள்ளிச் செலவழிக்கும். இப்போதைக்குக் கழிவுநீரிலுள்ள சர்க்கரையை நம்பும் இருட்டு வழிதான் நடைமுறைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். மூலப்பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது, வெயிலுக்காகப் பரந்த இடமும் வேண்டாம்.