சஃப்ரஜெட்: தமிழில் என்ன சொல்லலாம்?

'சஃப்ரஜெட்' வசவாகப் பிறந்த சொல். பெண்களுக்கும் ஓட்டுரிமை கேட்டு எம்மலின் பாங்கர்ஸ்ட் 1903இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சங்கத்தாரை இளக்காரம் செய்ய, 1906இல் டெய்லி மெயில் நாளிதழ் இதைப் புனைந்தது. ஓட்டுரிமை ஆதரவாளரைக் குறிக்க ஏற்கெனவே புழங்கிய 'சஃப்ரஜிஸ்ட்' என்ற சொல்லின் வாலை நறுக்கி 'எட்' என்ற விகுதியை ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் அந்த விகுதி சிறியது, போலியானது, பெண்பாலுக்குரியது என்ற மூன்று பொருளும் தரும். அந்தப் பெண்கள் கூசவில்லை. வசவையே பட்டமாகச் சூடிக்கொண்டு, 1912இல் தங்கள் வார இதழுக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

இரண்டு சொற்களையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. சஃப்ரஜிஸ்ட் என்பவர் மனு, கூட்டம், ஊர்வலம் என்ற வழியில் நின்றவர்; ஆண்களும் இதில் உண்டு. பிரிட்டனில் மில்லிசென்ட் ஃபாசெட் இவர்களின் தலைவி. சஃப்ரஜெட்டுகள் சன்னல் கண்ணாடிகளை உடைத்துச் சிறை சென்றார்கள், உள்ளே உண்ணாவிரதம் இருந்தார்கள். குழாய் செருகி அவர்களுக்கு வலுக்கட்டாயமாக உணவு புகட்டிய கொடுமையை நினைத்தால், அந்தப் பத்திரிகையின் கேலி எவ்வளவு கீழ்த்தரமானது என்பது விளங்கும்.

வேர்ச்சொல் லத்தீனின் 'சுஃப்ராகியம்': ஓட்டு, ஆதரவு என்று பொருள். துன்பப்படுவதைக் குறிக்கும் 'சஃபர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவில்லை. ஆமோதித்து மக்கள் எழுப்பும் ஆரவாரத்திலிருந்து இது வந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள்.

அப்படியானால் 'வாக்குரிமை' என்ற நம் சொல் மிகப் பொருத்தம். வாக்கு என்றால் முதலில் பேச்சு, பிறகுதான் ஓட்டு. ஹென்றி ஜேம்ஸின் 1886ஆம் ஆண்டு நாவலைத் தழுவி ஜேம்ஸ் ஐவரி 1984இல் இயக்கிய 'தி பாஸ்டோனியன்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இரட்டைப் பொருள் உறைக்கும். வெரீனா என்ற இளம்பெண்ணின் பேச்சாற்றலுக்காகவே அங்கே இழுபறி. பெண்களின் உரிமைக்காக அவளை மேடையேற்றப் பாடுபடுகிறாள் வனெஸ்ஸா ரெட்கிரேவ் நடித்த ஆலிவ். அவளை மணந்து வீட்டோடு அடக்கிவிட நினைக்கிறான் பேசில்.

ஆலிவைச் சஃப்ரஜெட் என்று எழுதுவது பிழை. கதை நடப்பது 1870களில். அந்தச் சொல் பிறக்க இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. லூசி ஸ்டோன் போன்றோர் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பெண்கள் வாக்குரிமை இயக்கம் நடத்திய காலம் அது.

என் பரிந்துரை இது. சஃப்ரஜிஸ்ட்டுக்குப் 'பெண்கள் வாக்குரிமை ஆதரவாளர்'. 'பெண் வாக்குரிமை ஆதரவாளர்' என்று எழுதினால், ஆதரவாளரே பெண் என்று படிக்க இடமுண்டு. சஃப்ரஜெட்டுக்கு 'வாக்குரிமைப் போராளி'. பிரிட்டன் வரலாற்றை எழுதும்போது மட்டும் மூலச்சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாருக்குமான ஓட்டுரிமைக்கு 'வயதுவந்தோர் வாக்குரிமை' என்பது தமிழ்நாட்டு வழக்கு. 1931இலேயே அதைப் பெற்ற இலங்கையில் 'சர்வசன வாக்குரிமை' என்பார்கள்.