வின்செஸ்டர் 1897 டிரெஞ்ச் கன்: அமெரிக்க லைசென்ஸ் விதியும் அசல்-போலி சோதனையும்

முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சண்டைக்காக அமெரிக்கப் படை எடுத்துச் சென்ற 12 கேஜ் (குழல் விட்ட அளவு) பம்ப் ஷாட்கன், அதாவது முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் சிதறுகுண்டுத் துப்பாக்கி, வின்செஸ்டர் மாடல் 1897. 20 அங்குலக் குழல், அதன்மேல் துளையிட்ட இரும்புக் கவசம், முனையில் எம்1917 பயனெட் (துப்பாக்கிமுனைக் கத்தி) மாட்டும் அமைப்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது டிரெஞ்ச் கன். கவசமும் பயனெட் அமைப்பும் இல்லாவிட்டால் ரயட் கன் (கலவரம் அடக்கும் துப்பாக்கி). விலை வெகுவாகக் குறையும். மலிவான துப்பாக்கியில் புதுக் கவசத்தை மாட்டி விற்பதுதான் வழக்கமான மோசடி.

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் செய்தது ‘ஆன்டிக்’ (பழம்பொருள்). போருக்குச் செய்தவை இதில் வராது. 50 வயது தாண்டிய, நகல் அல்லாத துப்பாக்கி ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ (சேகரிப்பாளருக்கான அரும்பொருள்) வகையில் சேரும். ஆனால் வயது மட்டும் போதாது, அசல் வடிவிலும் இருக்க வேண்டும் என்கிறது துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப். ஸ்லிங் வளையம், ஸ்கோப் மவுண்ட் போன்ற சின்ன மாற்றங்களை அது பொருட்படுத்துவதில்லை. பிற்காலச் சீன நகல்களுக்கு இந்த வகையில் இடமே இல்லை.

இந்த வகைக்கான சேகரிப்பாளர் லைசென்ஸ் (டைப் 03) பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும். மூன்றாண்டுக்குக் கட்டணம் 30 டாலர். விண்ணப்பத்தின் பிரதி ஒன்று உள்ளூர்க் காவல் தலைமைக்கும் போக வேண்டும். லைசென்ஸ் இருந்தால் வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கலாம். வியாபாரம் செய்யக் கூடாது. வாங்கியதை மறு வேலைநாள் முடிவதற்குள்ளும், விற்றதை 7 நாளுக்குள்ளும் பதிவேட்டில் எழுத வேண்டும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை லைசென்ஸ் முதலிய சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

கையில் எடுத்ததும் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு முதலில் குழலை அளக்க வேண்டும். போல்ட்டை (குழலின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) மூடி, முனை வழியாக ஒரு மரக்குச்சியை போல்ட்டில் இடிக்கும்வரை விட்டு, முனையில் கோடு போட்டு அளந்தால் சரியான நீளம் கிடைக்கும். யாரோ அறுத்து 18 அங்குலத்துக்குக் கீழே போயிருந்து, மத்திய அரசிடம் பதிவும் இல்லையென்றால் அதை வைத்திருப்பதே குற்றம். பிறகு போய்ப் பதிவு செய்துகொள்ளவும் வழியில்லை. அப்படிப்பட்டதை விலை பேசாமல் உடனே வக்கீலிடம் போவதே நல்லது.

அடுத்து எண். குழலைத் தனியே கழற்றக்கூடிய வகைத் துப்பாக்கியில் ரிசீவரின் (இயக்கப் பாகங்கள் உள்ள நடு உடல்) அடியிலும் குழல் பக்கத்து இணைப்பிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வேறுபட்டால் இரண்டு துப்பாக்கிகளைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலக் கவசத்தில் துளை வரிசை ஆறு. இரண்டாம் போரின்போது அது நான்காகக் குறைந்தது. அதனால் 1918 துப்பாக்கியில் நான்கு வரிசைக் கவசம் இருந்தால், பின்னாளில் மாட்டியது என்று கொள்ளலாம். ராணுவ முத்திரைகளான ‘யு.எஸ்.’ எழுத்தையும் தீப்பந்துக் குறியையும் லென்ஸில் பாருங்கள். சுற்றியுள்ள இரும்பு தேய்ந்து வழவழப்பாக இருக்க, குறியின் விளிம்பு மட்டும் கூராக நின்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

வயோமிங் மாநிலம் கோடி (Cody) நகர அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவுக் கடிதம் தருகிறது. ஆனால் அங்குள்ள மாடல் 1897 பதிவேடுகள் போர்க்காலம் வரை வருவதில்லை. ஆகவே போர்க்காலத் துப்பாக்கிக்கு அந்தக் கடிதம் இருப்பதாக ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

துருவைத் தேய்த்து நீலப்பூச்சு போட்டால் மதிப்பு போய்விடும். லேசாக எண்ணெய் தடவினால் போதும். மதிப்பீட்டாளரிடம் எதற்காக மதிப்பீடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காப்பீட்டுக்கு, அதே போன்ற இன்னொன்றை இன்று வாங்க ஆகும் விலை வேண்டும். வாரிசுச் சொத்துக் கணக்குக்கு, இறந்த தேதியில் இருந்த சந்தை மதிப்பு வேண்டும்.