கடனில் விழுந்த வானொலி நிலையத்தில் எதை விற்கிறார்கள்?

"கடன் கட்டாத வானொலி நிலையத்தை ரிசீவரிடம் கொடுத்து விற்கச் சொல்கிறதே அமெரிக்க நீதிமன்றம், அங்கே விலைபோவது எது? காற்றில் வரும் அலையா?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர்.

ரிசீவர் என்பவர், வழக்கில் இருக்கும் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் அமர்த்தும் ஆள். கட்டடம், டிரான்ஸ்மிட்டர், கோபுரம் எல்லாம் அவர் பொறுப்புக்கு வந்துவிடும். அலைவரிசை அப்படி வராது. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அது யாருக்கும் சொந்தமில்லை; உரிமம் மட்டுமே உண்டு. அது கைமாற, அமெரிக்க ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி என்ற ஆணையம் சம்மதிக்க வேண்டும். ரிசீவர் பெயருக்கு மாற்ற ஒரு விண்ணப்பம், அப்புறம் வாங்குபவர் பெயருக்கு இன்னொன்று. பழைய முதலாளி ஆட்சேபம் கிளப்புவதும் இங்கேதான்.

இதற்கு அடித்தளமான வழக்கு 1945இல் வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் டபிள்யூ.ஓ.டபிள்யூ நிலையத்தைக் குத்தகைக்கு விட்டதில் மோசடி என்று சொல்லி, உரிமம் உட்பட எல்லாவற்றையும் திருப்பித்தரச் சொன்னது மாநில நீதிமன்றம். சொத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம், உரிமத்தில் கைவைக்க முடியாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஆணையம் முடிவெடுக்கும்வரை உரிமத்திலிருந்து கருவிகளையும் பிரிக்காதீர்கள், நேயர்கள் நிலையத்தை இழக்கக் கூடாது என்றும் சொன்னது.

பிரித்தால் என்ன ஆகும்? எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இதில்தான் இருக்கிறது.

எஃப்.எம் நிலையத்தில் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவை மாட்டியிருப்பார்கள். ஏ.எம் நிலையத்தில் கோபுரமே ஆன்டெனா. அந்த ஒமாஹா நிலையத்தின் அலைவரிசை 590 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 508 மீட்டர். அதில் கால்பங்கு, 127 மீட்டர், உயரம் இருந்தால் கோபுரம் நன்றாக ஒத்திசையும். அத்தனை டன் இரும்பும் அடியில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் மேல் உட்கார்ந்திருக்கும்.

கால்பங்குக் கோபுரம் ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி மண். ஆனால் மண் மின்சாரத்தை மோசமாகக் கடத்தும், சக்தியை வெப்பமாக்கித் தின்றுவிடும். அதனால் கோபுரத்தடியிலிருந்து சுற்றிலும், சக்கரத்தின் ஆரங்கள் போல, வழக்கமாக 120 தாமிரக் கம்பிகளைப் புதைப்பார்கள். ஒவ்வொன்றும் கால் அலைநீளம் என்றால் மொத்தம் 15 கிலோமீட்டருக்கு மேல்! மேலே பார்த்தால் வெறும் புல்வெளி, சுமார் 12 ஏக்கர்.

கடன் கொடுத்தவர்களின் கண் அந்தப் புல்வெளி மேல்தான். அதைத் தனியாக விற்று, கம்பிகளைத் தோண்டியெடுத்தால் பாதி ஆன்டெனா போய்விட்டது. வேறு இடம் தேடி, அனுமதி வாங்கி, மறுபடி கட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பு இல்லையென்றால், ஆணையம் விலக்கு அளித்தாலொழிய, உரிமம் தானாகவே காலாவதி.

ரிசீவராக வருபவருக்குக் கணக்கும் சட்டமும் தெரிந்திருக்கும். முதல் நாளே அவர் பக்கத்தில் ஓர் ஒலிபரப்புப் பொறியாளரையும் நீதிமன்றம் நிறுத்த வேண்டும் என்பேன். கோபுரத்தடியில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை அவர் முதலில் படித்துப் பார்க்கலாம். மண்ணுக்குள் கம்பிகளை யாராவது நிறைய வெட்டியிருந்தால் ஆன்டெனாவின் மின்தடை மாறியிருக்கும். உரிமத்துக்கான கணக்கில் உள்ள அளவோடு அந்த முள் ஒத்துப்போகாமல் இருக்கலாம்.