டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘காமாலை’ என்று மட்டும் எழுதியிருந்தால்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில், நோய் என்ன என்ற இடத்தில் ‘ஜாண்டிஸ்’ என்று ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் உடனே திரும்பிப் போய்க் கேளுங்கள். காமாலை நோயின் பெயரல்ல, அறிகுறி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், குடியாலும் ஆகும், சில மாத்திரைகளாலும் ஆகும், வைரஸாலும் ஆகும். நோய்களுக்கு எண் கொடுக்கும் உலக நல நிறுவனத்தின் வகைப்பாடான ஐசிடி-10இல் வெறும் காமாலைக்கு ‘ஆர் 17’ என்ற எண். காரணம் தெரியாத அறிகுறிகளைப் போட்டுவைக்கும் பிரிவு அது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இப்படி எழுதிய சீட்டுக்கும் எல்லா நோயும் ஒன்றுதான்.

வைரஸால் வரும் கல்லீரல் அழற்சிதான் வைரஸ் ஹெபடைடிஸ். வைரஸைப் பொறுத்து ஏ, பி, சி, இ என்று பிரிப்பார்கள். எந்த வைரஸ் என்பதை வைத்துத்தான் அரசின் இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று, உலக ஹெபடைடிஸ் நாளில், தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் தொடங்கியது. 2030க்குள் ஹெபடைடிஸ் சி-யை ஒழிப்பது அதன் இலக்கு. பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதற்கென்று அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை மையங்கள் உண்டு. சிக்கலான நோயாளிகளைப் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளில் உள்ள முன்மாதிரிச் சிகிச்சை மையங்களுக்கு அனுப்புவார்கள்.

இனி எண்கள். ஐசிடி-10இல் பி 15 முதல் பி 19 வரை வைரஸ் ஹெபடைடிஸ். இந்த ‘பி’ தொற்றுநோய்ப் பிரிவின் எழுத்து. ஹெபடைடிஸ் பி-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதில் குழம்பாதவர் குறைவு. பி 15 ஹெபடைடிஸ் ஏ. பி 16 புதிதாக வந்த ஹெபடைடிஸ் பி. பி 17.1 புதிதாக வந்த சி, பி 17.2 புதிதாக வந்த இ. நாள்பட்டவை பி 18இல்: பி-யோடு சேர்ந்து தொற்றும் டெல்டா வைரஸ் இல்லாத நாள்பட்ட பி-க்கு 18.1, நாள்பட்ட சி-க்கு 18.2. பி 19 என்றால் வைரஸ்தான், ஆனால் எதுவென்று எழுதவில்லை என்று பொருள். ரத்தப் பரிசோதனை முடிவு ஃபைலிலேயே இருந்தும் பி 19 விழுந்திருந்தால், அது எழுத்துவேலையில் நடந்த சோம்பேறித்தனம் என்றே சொல்வேன்.

‘புதிது’, ‘நாள்பட்டது’ என்ற சொல்லில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஹெபடைடிஸ் பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது அந்த வைரஸின் மேலுறைப் புரதம், ஆறு மாதத்துக்கு மேலும் ரத்தத்தில் இருந்தால் நாள்பட்டது. ரத்ததானத்தின்போது முதன்முதலாகத் தெரியவந்தது என்பதற்காக அது நேற்று வந்த நோய் ஆகிவிடாது. பிறப்பின்போதே தொற்றியிருக்கலாம். தொந்தரவு எதுவும் இல்லாமல் வைரஸைச் சுமப்பவருக்கு ஐசிடி-10இல் இசட் 22.5 என்ற தனி எண் உண்டு. இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படுவது அமெரிக்கப் பதிப்பு. அதில் பி 19.10, பி 19.20 போன்ற நீண்ட எண்கள் இருக்கும். உங்கள் சீட்டில் அவை இல்லையே என்று பதற வேண்டாம்.

ஹெபடைடிஸ் சி-யில் இன்னொரு கண்ணி உண்டு. முதலில் செய்வது ஆன்டிபாடி, அதாவது வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், இருக்கிறதா என்ற பரிசோதனை. அது பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்தது என்றுதான் அர்த்தம். இப்போதும் இருக்கிறதா என்பதை, ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் ஆர்என்ஏ வைரல் லோடு பரிசோதனைதான் சொல்லும். அது இல்லாமல் பி 18.2 என்று எழுதக் கூடாது. கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், இல்லாதவர்களுக்குத் திட்டத்தின் நெறிமுறைப்படி சோஃபோஸ்புவிர், டக்லடஸ்விர் என்ற இரண்டு மருந்துகள் 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் டக்லடஸ்விருக்குப் பதில் வெல்படஸ்விர். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் ரிபாவிரின் சேரும், அல்லது 24 வாரம் ஆகும். ஆக, சிரோசிஸ் உண்டா இல்லையா என்று சம்மரியில் எழுதாமல் விட்டால் மருந்தே மாறிப்போகும். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் வைரல் லோடு அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். குணமான பின்னும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே காட்டும். நாளை இன்னொரு ஆஸ்பத்திரியில் மறுபடி நோயாளி என்று எழுதப்படாமல் காப்பது அந்தத் தாள்தான்.

கர்ப்பிணிகளுக்கு ஓ 98.4 என்ற எண்ணும் பதிவாக வேண்டும். அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி என்பது பிரசவ வார்டின் கேஸ் ஷீட்டில் பளிச்சென்று இருக்க வேண்டும். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், கூடவே எதிர்ப்பொருளை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டியிருக்கிறது. அங்கே தாமதத்துக்கு இடமே இல்லை.

எண்ணைப் போடுபவர் மருத்துவ ஆவணப் பிரிவில் இருப்பவர். டாக்டர் எழுதியதைத்தான் அவர் எண்ணாக்குவார். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தானாக நோயை முடிவுசெய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, டாக்டரிடம் போய்த் திருத்தி எழுதித் தரக் கேளுங்கள். ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் சொல்கிறது. வாயால் கேட்காமல் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மரணம் நேர்ந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மருத்துவமனை இறப்புக் காரணச் சான்றை இலவசமாகத் தர வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் உண்டு. அதில் காரணங்கள் சங்கிலியாக வரும்: முதல் வரியில் ரத்த வாந்தி, அதற்குக் காரணம் சிரோசிஸ், அதற்கும் அடியில் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி. கணக்கில் ஏறுவது பொதுவாக அந்த அடிவரி. அங்கே ‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதிவிட்டால், ஹெபடைடிஸால் போன அந்த உயிர் ஹெபடைடிஸ் கணக்கில் வரவே வராது.