மின்வயலின்: சொல்லும் பொருளும்

மின்வயலின் (பெயர்ச்சொல்): தந்தியின் அதிர்வை மரப்பெட்டியின் வயிற்றில் பெருக்காமல் மின் சமிக்ஞையாக மாற்றி, ஒலிபெருக்கி வழியாகக் கேட்கச் செய்யும் வயலின். ‘எலக்ட்ரிக் வயலின்’ என்பதற்கு நேரான தமிழ். இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை பக்கம் ‘கரண்டு வயலின்’ என்றாலும் யாருக்கும் விளங்கும். திருவிழா நோட்டீசுகளில் ‘மின்சார வயலின்’, ‘இலத்திரனியல் வயலின்’ என்று இரண்டு விதமாகவும் அச்சடிக்கிறார்கள். முதலாவது சற்று நீளம், ஆனால் பிழையில்லை. இரண்டாவது பிழை.

முதலில் ‘வயலின்’. இத்தாலிய மொழியில் வியோலா என்ற கருவியின் சின்ன வடிவத்துக்கு வியோலினோ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருவான கருவி அது. ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் அதை ‘ஃபிடில்’ என்றதால் நமக்குப் ‘பிடில்’ வந்தது. ரோமாபுரி எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். ரோம் எரிந்தது கி.பி. 64இல். பிடில் பிறக்க அதற்குப் பிறகு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பழமொழிக்கு அதெல்லாம் கணக்கில்லை.

கர்நாடக இசைக்குள் வயலினைக் கொண்டு வந்தவர்களில் முதலாமவராகச் சொல்லப்படுபவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை மேலும் வளர்த்தார். இது நடந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். ஏறக்குறைய அதே காலத்தில்தான் கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கண்டிச்சீமைக்கு நடந்து வந்தார்கள். அவர்களோடு தப்பும் உருமியும் வந்தன, காமன் கூத்து வந்தது, வயலின் வரவில்லை. அது அப்போது அரண்மனையிலும் அக்கிரகாரத்திலும் இருந்தது. மலைக்கு அது பிற்பாடு வானொலியில்தான் வந்து சேர்ந்தது. வரும்போதே ‘வயலின்’ என்ற பெயரோடு வந்ததால் தோட்டத்து மொழியில் அதற்கென்று தனிப்பெயர் பிறக்கவில்லை.

தோட்டத்து மொழி பெயர் வைக்கத் தெரியாத மொழி என்று யாரும் எண்ண வேண்டாம். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் ‘பரேட்’டைப் பிரட்டு ஆக்கியது, ‘லைன்’ வீடுகளை லயம் ஆக்கியது. சங்கீதம் படிக்கப் போன பிள்ளை முதல் வகுப்பில் ‘லயம் முக்கியம்’ என்று கேட்டதும் எந்த டிவிஷன் லயம் என்று யோசித்திருந்தால் அது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை.

வயலினுக்குத் தூய தமிழ் வேண்டும் என்போர் சிலர் ‘வில்யாழ்’ என்கிறார்கள். கேட்க அழகான சொல்தான். ஆனால் அது ஏற்கெனவே வேறொரு கருவியின் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குழல் ஊதிச் சலித்ததும் குமிழ மரக்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வாசிக்கிறான். அதுதான் வில்யாழ். அவன் இசைப்பது ‘விரலெறி குறிஞ்சி’, அதாவது விரலால் தெறித்து எழுப்பும் குறிஞ்சிப் பண். அங்கே வில் என்பது கருவியின் வடிவம். வயலினில் வில் என்பது தந்தியை இழுக்கும் கோல். யாழ் என்ற குடும்பமே விரலால் மீட்டும் குடும்பம். சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் அவ்வளவு பாடுபட்டு வரையறுத்துத் தந்த சொல்லை, வில்போட்டு இழுக்கும் கருவிக்குத் தூக்கிக் கொடுப்பது முறையில்லை. அதிலும் குறிஞ்சி நிலத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யலாமா?

இன்னொரு பெயர் ‘இராவணாத்தம்’. வில்போட்டு இழுக்கும் கருவியை முதலில் செய்தவன் இராவணன், ஆகவே வயலினின் தாய்வீடு இலங்கை என்றொரு பேச்சு உண்டு. மலையகத்து எல்ல என்ற ஊரில் இராவணன் பெயரில் நீர்வீழ்ச்சி இருப்பதால் இந்தக் கதைக்கு இங்கே கூடுதல் வரவேற்பு. கருவி உண்மை. தேங்காய்ச் சிரட்டையில் தோல் கட்டி, குதிரைமயிர் வில்லால் இழுக்கும் அதை இன்றைக்கும் வாசிப்பவர்கள் இராஜஸ்தான், குஜராத் பக்கத்து நாட்டுப்புறக் கலைஞர்கள். இலங்கையிலிருந்து போனது என்பது தொன்மம். தொன்மத்தை வைத்து அகராதி செய்ய முடியாது. ஆகவே ‘வயலின்’ வயலினாகவே இருக்கட்டும். ஒலியமைப்பில் தமிழோடு ஒட்டிவிட்ட சொல் அது.

இனி ‘மின்’. எலக்ட்ரிக் என்ற சொல்லின் வேர், அம்பர் எனப்படும் மரப்பிசின் கல்லுக்குக் கிரேக்கர் வைத்த பெயர். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். நம் ‘மின்’ ஒளிர்வதைக் குறிக்கும் வேர், மின்னல் பிறந்த இடம். மின்குமிழ், மின்விசிறி வரிசையில் மின்வயலினும் இயல்பாக உட்காருகிறது. சிக்கல் ‘மின்னஞ்சல்’, ‘மின்னூல்’ வந்த பிறகுதான். அவற்றில் மின் என்பது இலத்திரனியலைக் குறிக்கிறது. அதனால் மின்வயலின் என்றதும் கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் வருமே, அந்த வயலின் சத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் திருவிழா மேடைகளில் பெரும்பாலும் கேட்பது அதுதான். அதில் தந்தியும் கிடையாது, வில்லும் கிடையாது. இலத்திரனியல் சுற்று உண்டாக்கும் ஒலி அது.

மின்வயலினில் தந்தி உண்டு, வில் உண்டு, கமகத்துக்குச் சறுக்கும் விரலும் உண்டு. தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டுக்கு நம் வித்துவான்கள் ‘குதிரை’ என்பார்கள். (வில்லில் இருப்பதும் குதிரைமயிர்தான்.) அந்தக் குதிரையில், அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் ஒரு பிக்கப் பொருத்தப்பட்டிருக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டார்கள். பல பிக்கப்புகள் அந்தத் தத்துவத்தில் வேலை செய்கின்றன. தந்தி அதிரக் குதிரை நடுங்கும், படிகம் அழுந்தும், மெல்லிய மின் சமிக்ஞை வயர் வழியே ‘அம்ப்’ எனப்படும் ஒலிபெருக்கிக்குப் போகும். ஒலிக்கு மரப்பெட்டி தேவைப்படாததால் பல மின்வயலின்களுக்கு வயிறே இருக்காது, வெறும் எலும்புக்கூடுதான்.

மலையகத்துக் காலநிலைக்கு இது ஒருவகையில் தோது. பனிமூட்டம் இறங்கினால் சாதாரண வயலினின் மரம் ஈரம் குடித்து ஊதும், சுருதி நிற்காது. தப்புக்காரர்கள் தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பதும் இதே ஈரத்துக்காகத்தான். பெட்டியில்லாத மின்வயலினுக்கு அந்த உபத்திரவம் குறைவு. வில்லின் மயிர் தளர்வதற்கு மட்டும் மருந்தில்லை.

1930களிலேயே அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்டஃப் ஸ்மித் வயலின் ஒலியை மின்னால் பெருக்கி வாசித்தார். பிரான்ஸின் ஜான்-லுக் போன்டி 1970களில் அதை ராக் மேடைக்குக் கொண்டுபோனார். ஆனால் இந்தச் சொல்லின் முழுப் பொருளை விளங்கிக்கொள்ள நமக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார்: எல். சங்கர். 1950இல் சென்னையில் பிறந்தார். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்ததால் பிள்ளைப்பருவம் அங்கே கழிந்தது. அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் அதே வீட்டு வயலின்கள்தான். சங்கர் 1969இல் அமெரிக்கா போய் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1970களின் நடுவில் கிற்றார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தபலா கலைஞர் ஜாகிர் உசேன், கடக் கலைஞர் விக்கு விநாயகராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தார். இங்கே ஒரு வேடிக்கை. மெக்லாஃப்லின் காதைப் பிளக்கும் மின்கிற்றார்க் குழுவை விட்டுவிட்டு மரக்கிற்றாரோடு சக்திக்கு வந்தவர். சங்கர் அங்கே மரவயலினோடு இருந்து, பிற்பாடு மின்சாரத்துக்குப் போனவர். அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பா சங்கருடைய இசைத்தட்டு ஒன்றைத் தயாரித்தார். ஆங்கிலப் பாடகர் பீட்டர் கேப்ரியலோடும் சங்கர் பணியாற்றினார்.

1980 வாக்கில் கருவி செய்பவரான கென் பார்க்கரைக் கொண்டு சங்கர் உருவாக்கிய கருவிதான் அவர் பெயரைச் சொல்லும். ஒரே உடலில் இரண்டு கழுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து தந்தி, மொத்தம் பத்து. டபுள் பேஸின் அடிக்குரலில் தொடங்கி செல்லோ, வியோலா என்று ஏறி வயலினின் உச்சி வரை ஒரே ஆள் போய்வரலாம். மரப்பெட்டியில் இது நடக்காது. டபுள் பேஸின் ஒலிக்கு ஆளுயரப் பெட்டி வேண்டும், அதைத் தோளில் வைக்க முடியுமா? பெட்டியின் வேலையை அம்ப் ஏற்றுக்கொண்டதால்தான் முடிந்தது. இசையமைப்பாளராக ஒரு வாத்தியக்குழுவின் வீச்சை மனத்தில் வைத்திருந்தவர், அதைக் கையிலும் வைத்துக்கொண்டார். ஒலியைக் கூட்டுவது மட்டும்தான் ‘மின்’ என்ற முன்னொட்டின் பொருள் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கருவியைக் காட்டவேண்டும்.

இதைத் தமிழில் ‘இரட்டை வயலின்’ என்று எழுதாதீர்கள். கச்சேரி வழக்கில் இருவர் சேர்ந்து வாசிப்பதாகப் பொருள்படும். வீணையின் கழுத்துக்குத் ‘தண்டி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘இரட்டைத்தண்டி மின்வயலின்’ என்றால் மயக்கம் வராது. சங்கர் வாசித்த ‘ஃபியூஷன்’ பாணியைக் ‘கலப்பிசை’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை, தேயிலைத் தூளில் கலப்படம் செய்தது போலக் காதில் விழுகிறது. ‘இணைவிசை’ தேவலை. ஃபியூஷன் என்றே எழுதுபவர்களோடும் நான் சண்டைக்குப் போவதில்லை.

வழக்குக் குறிப்பு: ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுக, ‘மின் வயலின்’ என்று பிரிக்க வேண்டாம். வாசிப்பவர் ‘மின்வயலின் கலைஞர்’. சாதாரண வயலினில் பிக்கப்பைக் கவ்வவிட்டு வாசித்தால் அது மின்வயலின் ஆகாது, ‘பிக்கப் பூட்டிய வயலின்’ என்றே சொல்லவேண்டும். நம்மூர் மேடைகளில் கீபோர்டு அல்லாத வயலின் கேட்டால், பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.