டீலோமியர் – முனைக்கூறு

செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோமின் இரு முனைகளிலும் உள்ள டி.என்.ஏ. பகுதிக்கு டீலோமியர் என்று பெயர். டெலோமியர் என்றும் எழுதுகிறார்கள். கிரேக்கத்தில் 'டெலோஸ்' என்றால் முனை, 'மெரோஸ்' என்றால் கூறு. பழ ஈக்களின் குரோமோசோம்களை எக்ஸ் கதிரால் உடைத்துப் பார்த்த ஹெர்மன் முல்லர் 1938இல் இட்ட பெயர் இது. முனை போன குரோமோசோம் நிலைப்பதில்லை என்று கண்டதால், அந்த முனைக்கே தனிப்பெயர் தேவைப்பட்டது.

தமிழில் 'முனைக்கூறு' சரியாகப் பொருந்தும். 'இறுதிக்கூறு' வேண்டாம், குரோமோசோமுக்கு முனை இரண்டு, இறுதி என்றால் ஒன்றுதான் தோன்றும். நீளத்தோடு சேரும்போது 'முனைக்கூற்று நீளம்' என்று வரும். கூற்று என்றால் எமன் என்றும் பொருள் உண்டு; முதுமை ஆய்வுச் சொல்லில் அது வந்து உட்கார்ந்தது தற்செயல்தான்.

மனிதரிடம் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்று டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகள் ஆறு சேர்ந்த வரிசை ஆயிரக்கணக்கான முறை அடுக்கி நிற்பதே முனைக்கூறு. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது ஓர் இழையின் கடைசித் துண்டு விடுபட்டுப்போகும். இப்படி ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் ஒரு செல் பிரிவுக்கு 50 முதல் 200 எழுத்திணைகள் வரை குறைகின்றன; அதனால்தான் முதுமை ஆய்வில் இதன் நீளத்தைப் பார்க்கிறார்கள். இதை ஈடுகட்டும் நொதி டீலோமரேஸ். உடலின் பெரும்பாலான செல்களில் அது ஏறக்குறைய அடங்கியே இருக்கும்.

ஆய்வுகளில் 'நீளம்' என்று வருவது பல நேரம் நீளமே அல்ல. டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். முறையில் கிடைப்பது டி/எஸ் விகிதம்: முனைக்கூற்று வரிசையின் அளவை, ஒற்றைப் படியாக உள்ள ஒரு மரபணுவின் அளவால் வகுத்த எண். அதற்கு அலகு கிடையாது. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும் முறை மாறினாலே எண்ணும் மாறிவிடும். ஓர் ஆய்வகத்தின் 0.9ஐ இன்னோர் ஆய்வகத்தின் 1.1உடன் ஒப்பிட்டுக் கவலைப்படுவது வீண். டி.என்.ஏ.வை வெட்டித் துண்டுகளின் நீளம் பார்க்கும் சதர்ன் பிளாட் முறையில் ஆயிரம் எழுத்திணைக் கணக்கில் நீளம் கிடைக்கும்; ஆனால் அதற்கு டி.என்.ஏ. அதிகம் வேண்டும், முனையை ஒட்டிய பகுதியும் சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும்.

ஒரே வயதில் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சராசரியாக முனைக்கூறு நீளம். குறுகிய முனைக்கூறு மறதிநோயின் முன்னடையாளமாக இருக்கலாம் என்றது, அமெரிக்கச் செவிலியர் நல ஆய்வில் 62 பேரை வைத்து 2008இல் வந்த தொடக்கநிலை ஆய்வு. 1921இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பார்த்தபோதோ, அறிதிறனோடு தொடர்பு தென்படவில்லை. முடிவுகள் முரண்படுவதில் வியப்பில்லை. அளப்பது ரத்த வெள்ளணுக்களை. மூளை நரம்பணுக்களோ முதிர்ந்தபின் பிரிவதே இல்லை. அழற்சியும் ஆக்சிஜனேற்றச் சிதைவும் ரத்தத்தையும் மூளையையும் ஒருசேரத் தாக்குவதாலேயே தொடர்பு தெரிகிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம். அடுத்தடுத்து நிற்கும் மூன்று ஜி எழுத்துகள் இந்தச் சிதைவுக்கு எளிதில் இலக்காகும்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் டீலோமரேசைத் தூண்டுவதைச் செல் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதை நம்பி முதுமையில் ஹார்மோன் மாத்திரை தேடுவது ஆபத்து: 65 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் கொடுத்த அமெரிக்கச் சோதனையில், 2003இல் வந்த முடிவின்படி, மறதிநோய் சுமார் இரு மடங்கானது. நினைவு தடுமாறும் மூதாட்டிக்கு முதலில் பார்க்க வேண்டியவை பி12, தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன். முனைக்கூற்றுச் சோதனை அந்தப் பட்டியலில் இல்லை.